டன்மோர் கச்சேரியில் விடுபட்ட நான்கு நிமிடங்கள்

பாஸ்டன்
மார்ச் 9, 1998

அன்புள்ள லீலண்ட்,

உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததும் குப்பைத் தொட்டியைத் தேடியிருப்பாய். இதுவரை படித்துவிட்டாய் என்றால் இன்னும் கொஞ்சம் படி. பிறகு உன் இஷ்டம்.

நான் இப்போது மூஸ் அல்மனாக் இசைக்குழுவின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பழைய கச்சேரி டேப்களைத் தேடி, சுத்தம் செய்து, ஒழுங்குபடுத்தும் வேலை. நாம் இருவரும் சும்மாவே செய்துகொண்டிருந்ததற்கு எனக்கு ஒரு மேசையும் காப்பி மெஷினும் கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் அவர்களுடைய ஆரம்பகாலக் கச்சேரி ஒன்று முதல்முறையாக சிடியாக வருகிறது. எது என்று உனக்கே தெரியும். ஈஸ்ட் டன்மோர், விவசாயிகள் சங்கக் கூடம், 1986 அக்டோபர்.

சிக்கலும் உனக்குத் தெரியும். 'பனியில் புதைந்த டிராக்டர்' பாட்டின் நடுவில், என் கேசட்டின் பக்கம் முடிந்த இடத்தில், நான்கு நிமிடம் காணவில்லை. அதில் என்ன இருந்தது என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கூடத்தில் அன்று மைக் வைத்துப் பதிவு செய்தவர்கள் நாம் இருவர்தான். உன்னுடையது முழுதாக இருக்கிறது என்று நம்புகிறேன். அந்த நான்கு நிமிடத்தைக் கொடு. சிடியோடு வரும் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் உன் பெயர் வரும், இரண்டு சிடி இலவசம், வெளியீட்டுக் கச்சேரிக்கு மேடைக்குப் பின்னால் வர அனுமதி அட்டை.

பழசையெல்லாம் விடு, லீலண்ட். நாம் இருவருக்குமே முடி கொட்டிவிட்டது.

உன் பழைய நண்பன்,
கர்டிஸ் ஹால்கம்


செயின்ட் ஆல்பன்ஸ், வெர்மாண்ட்
மார்ச் 21, 1998

திரு. ஹால்கம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. குப்பைத் தொட்டி சமையலறையில் இருந்தது, நான் முன்னறையில் இருந்தேன். என் சோம்பல் உங்களைக் காப்பாற்றியது.

பழசையெல்லாம் விடச் சொல்கிறீர்கள். எந்தப் பழசு என்று நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். 'கொம்பு' ரசிகர் செய்திமடல், 1987 மே இதழ், கடைசிப் பக்கம், கறுப்புக் கட்டத்துக்குள்: "எச்சரிக்கை. செயின்ட் ஆல்பன்ஸைச் சேர்ந்த எல். பெஸெட் டேப்களைக் காசுக்கு விற்கிறார். யாரும் அவருடன் பரிமாற்றம் வைத்துக்கொள்ள வேண்டாம்." ஆசிரியர்: கர்டிஸ் ஹால்கம்.

வெற்று கேசட்டும் தபால்தலையும் அனுப்புபவனுக்குப் பதிவு செய்து திருப்பி அனுப்புவோம். காசு கை மாறாது. அந்த ஒரு விதிக்காகத்தான் இசைக்குழு நம்மை மைக்கோடு உள்ளே விட்டது. அந்தக் கூட்டத்தில் ஒருவனை விற்பவன் என்று சொல்வதும், தேவாலயத்தில் ஒருவனை உண்டியல் திருடன் என்று சொல்வதும் ஒன்று. நான் அனுப்பிய உறைகள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. அடுத்த கச்சேரியில் நான் மைக் கம்பத்தை நட்டதும் பக்கத்திலிருந்தவர் தன்னுடையதைப் பிடுங்கிக்கொண்டு சுவரோரம் போனார். அவருக்கு முதல் கேசட்டைப் பதிவு செய்து கொடுத்தவனே நான்தான். அதற்குப் பிறகு நான் எந்தக் கச்சேரிக்கும் போகவில்லை. பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுக்கிறேன். செத்துப்போன மொழி என்பதால் அங்கே யாரும் யாரைப் பற்றியும் புதிதாக வதந்தி கிளப்புவதில்லை.

டேப் தரமாட்டேன். அதற்குப் பதிலாக ஒரு மதிப்பீடு தருகிறேன். அந்தக் கச்சேரியைப் பற்றி நீங்கள் எழுதிய மதிப்பீடு உங்களுக்கு ஒரு மேசையும் காப்பி மெஷினும் வாங்கித் தந்தது. என்னுடையது எதையும் வாங்கித் தராது, அதனால் நம்பலாம்.

முதல் பாதி குப்பை. டோபினுக்குக் கிட்டாரைச் சுருதி சேர்க்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை. மூன்று பாட்டு வரை ஒரு நரம்பு தாழ்ந்தே அழுதது. வேட், டிரம்ஸ் தனக்கு ஏதோ துரோகம் செய்துவிட்டதைப் போல அடித்தார். லூத்தர் வாசித்த ஆர்கன் அந்தக் கூடத்துக்கே சொந்தமானது, சாவுக்கு வாசித்துப் பழகியது. அன்றும் பழக்கத்தை அது விடவில்லை. ஜாம் என்ற பெயரில், மனம்போனபடி வாசிக்கிறோம் என்று, மூவரும் அரைமணி நேரம் விளக்குக் கூண்டுக்குள் மாட்டிய வண்டைப் போல ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் பூட்ஸைக் கழற்றி, ஈரமான சாக்ஸை மேடை விளிம்பில் காயப்போட்டார். அதுதான் முதல் பாதியின் மிக நேர்மையான விமர்சனம்.

இரண்டாம் பாதியில் 'ஈரத் தீக்குச்சி' நன்றாக இருந்தது. மறுக்கவில்லை. அது முடிந்து கைதட்டும்போதே நான் கேசட்டைத் திருப்பிவிட்டேன், பக்கத்தில் இன்னும் இடம் இருந்தும். பெரிய பாட்டு வருமுன் திருப்பிவிடு என்பது நாம் இருவரும் சேர்ந்து கற்ற பாலபாடம். நீங்கள் திருப்பவில்லை. 'டிராக்டர்' பாதியில் உங்கள் பக்கம் முடிந்தது.

அதில் தவறில்லை, எல்லோருக்கும் நேர்வதுதான். ஆனால் பக்கம் திருப்பக் கைதேர்ந்தவனுக்குப் பத்து வினாடி ஆகும். குளிரில் விரல் விறைத்தவனுக்கு இருபது. உங்களுக்கு நான்கு நிமிடம் ஆகியிருக்கிறது. அந்த நான்கு நிமிடத்தில் இசை எங்கே போனது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கர்டிஸ் எங்கே போனார் என்று டேப் எடுக்கும் ஒருவர்கூடக் கேட்காததுதான் எனக்கு வியப்பு.

லீலண்ட் பெஸெட்


பாஸ்டன்
ஏப்ரல் 2, 1998

லீலண்ட்,

'திரு. ஹால்கம்' என்ன, 'நீங்கள்' என்ன? ஒரே கூடாரத்தில் ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டவர்கள் நாம்.

சாக்ஸ் விஷயத்தை மறந்தே போயிருந்தேன். சத்தம் போட்டுச் சிரித்தேன். நீ எழுதுவதை நிறுத்தியிருக்கக் கூடாது.

நான்கு நிமிடத்துக்கு வருகிறேன். என் பழைய மெஷினின் மூடி சிக்கிக்கொண்டது. பேனாக்கத்தியால் நெம்பித் திறக்க அவ்வளவு நேரம் ஆகிவிட்டது. அவ்வளவுதான். காது என்னவோ மேடையில்தான் இருந்தது, அதனால்தான் அப்படி எழுத முடிந்தது. அந்த அறிவிப்பு விஷயம், யாரோ வந்து சொன்னார்கள், இதழ் அச்சுக்குப் போகும் அவசரம், போட்டுவிட்டேன். விசாரித்திருக்க வேண்டும். அதற்கு நான் வருந்துகிறேன், போதுமா?

உன்னைப் பற்றி டோபினிடம் சொன்னேன். உடனே ஞாபகம் வந்துவிட்டது அவருக்கு. "யாரு, அந்த லத்தீன் வாத்தியாரா? மைக் பக்கத்துல எவனாவது இருமினாக்கூட முறைப்பாரே! அவர்கிட்ட இல்லாம வேற யார்கிட்ட இருக்கப்போகுது? போய்க் கேளுய்யா" என்றார். எனக்காக வேண்டாம், அவருக்காகக் கொடு. ஜூனுக்குள் வரவில்லை என்றால் வெட்டிய இடத்தில் கைதட்டலை ஒட்டி மூடிவிடுவார்கள். நீயே பொறுக்கமாட்டாய்.

கர்டிஸ்


செயின்ட் ஆல்பன்ஸ்
ஏப்ரல் 11, 1998

திரு. ஹால்கம்,

பேனாக்கத்தி நல்ல கற்பனை. உங்கள் பழைய மதிப்பீட்டில் இருந்ததை விடச் சற்றுக் குறைவுதான். அந்த வரிகள் எனக்கு மனப்பாடம்: "காணாமற்போன அந்த நிமிடங்களில் டோபினின் கிட்டார் பேசுவதை நிறுத்திவிட்டு மூச்சுவிடத் தொடங்கியது. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் நான் அப்படியொன்றைக் கேட்டதில்லை."

நேற்று அந்த டேப்பை மீண்டும் ஓடவிட்டேன். அதில் இருப்பதைச் சொல்கிறேன், நீங்கள் கேட்டதில்லை அல்லவா?

கிட்டார் பட்டென்று நிற்கிறது. டோபினின் ஒலிபெருக்கி செத்துவிட்டது. டோபின் மேடையை விட்டு இறங்கி ஃபியூஸ் தேடிப் போகிறார். மூச்சுவிட்டது உண்மைதான், வெளியே ஓடிப்போய்த் திரும்பியதில் அவர்தான் விட்டார். லூத்தர் ஆர்கனில் ஏதோ தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். வேட் மட்டும் தனியாக அடிக்கிறார், தாளம் நழுவுகிறது, திரும்பிப் பிடிக்கிறார், மறுபடியும் நழுவுகிறது. கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "ஆட்டம் என்னய்யா ஆச்சு?" வாசலிலிருந்து இன்னொரு குரல்: "பாஸ்டன் முன்னால இருக்குடா!" ஒரே ஆரவாரம். அந்த இரவு முழுக்கக் கிடைத்த கைதட்டலில் மிகப் பெரியது பேஸ்பாலுக்குத்தான்.

பிறகு, என் மைக்குக்கு மிக அருகே, ஒரு பெண்: "இது யாரோட மெஷின்? சிவப்பு விளக்கு அணைஞ்சு கெடக்கு."

"கர்டிஸோடது."

"ஆள் எங்க?"

"கார்ல. ரேடியோவுல ஆட்டம் கேக்குறாரு."

"இதை விட்டுட்டா? பைத்தியமா அவருக்கு?"

"பாஸ்டன்காரருங்க."

பதில் சொல்லும் குரல் என்னுடையது. என் மைக் அருகே பேசியவர்களில் நான் மன்னிக்காத ஒரே ஆள் நான்தான். அதைத் தொடர்ந்து 'கிளிக்' என்று ஒரு சத்தம். அது உங்கள் மெஷினின் மூடி. சிக்கவில்லை, மிக எளிதாகத் திறந்தது. உங்கள் கேசட்டைத் திருப்பிப் போட்டு பட்டனை அழுத்தியது நான். நான் அதைச் செய்யாமல் இருந்திருந்தால், உலகம் புகழும் உங்கள் பதிவின் பிற்பகுதி வெறும் இரைச்சலாக இருந்திருக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இது மதிப்பீடு என்பதால். டோபின் திரும்பி வந்து தவறான இடத்தில் நுழைகிறார். தாளத்தில் முழுதாக ஒரு அடி தள்ளி. வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் அவரை இழுத்துச் சரிசெய்திருக்கும். இவர்கள் இருவரும் தாங்கள் இருந்த இடத்தை விட்டுவிட்டு அவரிடம் போகிறார்கள். முதலில் வேட், பிறகு லூத்தர். அந்தக் குழு பிறந்தது அந்த இடத்தில்தான். அவர்கள் விழுந்ததைக் கேட்டவனுக்குத்தான் எழுந்தது புரியும். உங்கள் டேப்பைக் கேட்டவர்களுக்கு அது ஏதோ வானத்திலிருந்து குதித்த மாதிரி இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அவர்கள் கேட்பது பாதி இசை, மீதி உங்கள் பொய்.

1987 ஏப்ரலில், ஆல்பனியில் கச்சேரிக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில், உங்கள் மதிப்பீட்டைப் படித்துவிட்டு நான் உங்களிடம் என்ன கேட்டேன் என்று நினைவிருக்கிறதா? "பிரமாதமா எழுதியிருக்கே கர்டிஸ். கார்ல உக்காந்துக்கிட்டே இவ்வளவும் கேட்டுச்சா?" வேடிக்கைக்குத்தான் கேட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். "யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே" என்று என் தோளில் தட்டினீர்கள். அடுத்த மாத இதழில் நான் விற்பவன் ஆகிவிட்டேன். விற்பவனின் டேப்பை யாரும் தொடமாட்டார்கள். தொடாத டேப்பில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. யாரோ வந்து சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த யாரோவுக்குப் பெயர் உண்டா?

என் நிபந்தனைகள் இவை. நான் ஒருபோதும் விற்கவில்லை என்று 'கொம்பு' முதல் பக்கத்தில் வர வேண்டும். அன்று நீங்கள் கூடத்தில் இல்லை என்று சிடியோடு வரும் குறிப்பில் வர வேண்டும். என்னை ஏன் அப்படி எழுதினீர்கள் என்ற காரணமும் உங்கள் சொற்களில் வர வேண்டும். இல்லையென்றால் டேப் கிளைவிடும். நான் பத்துப் பேருக்கு அனுப்புவேன், ஒவ்வொருவரும் பத்துப் பேருக்கு அனுப்புவார்கள், ஒரு காசு வாங்காமல். உங்கள் காப்பி ஆறுவதற்குள் கலிபோர்னியா வரை போய்விடும்.

லீலண்ட் பெஸெட்


பாஸ்டன்
ஏப்ரல் 20, 1998

லீலண்ட்,

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். கிழித்துப்போடத் தோன்றியது. நீயும் என்னை மிரட்டுகிறவனாக ஆகிவிட்டாயே என்று கோபமும் வந்தது. உனக்குப் பத்தாயிரம் தடவை எழுதியிருக்கலாம், எழுதாமல் விட்டது நான், அதனால் கோபப்படும் தகுதியும் இல்லை.

ஆமாம், காரில்தான் இருந்தேன். பாஸ்டன் அணி பல வருடத்துக்குப் பிறகு அன்று பேஸ்பால் கோப்பையை ஜெயிக்கப்போகிறது என்று நினைத்தேன். என் அப்பா அதற்காகக் காத்திருந்தே செத்துப்போனார். கடைசியில் அதுவும் போயிற்று. இரண்டையும் ஒரே ராத்திரியில் தவறவிட்டவன் இந்த நியூ இங்கிலாந்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். மறுவாரம் எல்லோரும் 'டிராக்டர் எப்படி, டிராக்டர் எப்படி' என்று கேட்டார்கள். 'நான் இல்லை' என்று சொல்ல வாய் வரவில்லை.

எழுதுகிறேன். நீ கேட்டதெல்லாம் வரும். சத்தியமாக. கிளைவிட்டு அனுப்பாதே. இந்த வேலை போனால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

கர்டிஸ்


செயின்ட் ஆல்பன்ஸ்
மே 2, 1998

டேப் இத்துடன் இருக்கிறது. மூலம் அல்ல, பிரதி. உங்கள் சத்தியத்தின் தரத்துக்கு அது போதும்.

எல். பெ.


பாஸ்டன்
ஜூலை 27, 1998

அன்பு லீலண்ட்!

சிடியின் முதல் பிரதி இத்துடன் வருகிறது. நான்கு நிமிடமும் அப்படியே இருக்கிறது, ஒரு இருமலைக்கூட வெட்டவில்லை. உன் குரலும் இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோருக்கும் உன் 'பாஸ்டன்காரருங்க' மனப்பாடம்.

குறிப்பில் நான் காரில் இருந்ததை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன். வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டேதான் டோபினிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவி, நான் ஃபியூஸ் தேடிக்கிட்டு உன் காரைத் தாண்டித்தான் போனேன். 'என்ன ஸ்கோர்'னு உன்கிட்டதானே கேட்டேன்! நீ கூடத்துக்குள்ள இருந்ததா எழுதியிருந்தியே, நான் வேற யாரையோ பாத்தேன்னு நினைச்சுட்டேன்" என்றார். வேலை போகவில்லை. மாறாக, ரசிகர்கள் என்னைக் கட்டிப்பிடிக்கிறார்கள், லீலண்ட்! 'கொம்பு'வில் என் குறிப்பு முன்கூட்டியே வந்ததிலிருந்து தினமும் கடிதங்கள். இவ்வளவு துணிச்சலாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை என்கிறார்கள். 'நானும் காரில்தான் இருந்தேன்' என்று எழுதிய பனியன் போட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். பன்னிரண்டு வருடம் சுமந்த கல்லை இறக்கி வைத்தது போல இருக்கிறது. அதற்கு நீதான் காரணம்.

நீ விற்கவில்லை என்பதும் முதல் பக்கத்தில் வந்திருக்கிறது, பார்த்திருப்பாய்.

ஆகஸ்ட் 22, அதே கூடத்தில் வெளியீட்டுக் கச்சேரி. 'டிராக்டர்' வாசிக்கும் முன் உன்னை மேடைக்கு அழைக்கப்போகிறேன். துண்டறிக்கையில் உன் பெயரை அச்சடித்தும் ஆகிவிட்டது. வா. நாலு வார்த்தை பேசு. கணக்கு எல்லாம் தீர்ந்தது என்று எல்லோர் முன்னாலும் கைகுலுக்குவோம்.

உன் நண்பன்,
கர்டிஸ்


செயின்ட் ஆல்பன்ஸ்
ஆகஸ்ட் 6, 1998

திரு. ஹால்கம்,

சிடி வந்தது, 'கொம்பு'வும் வந்தது. இரண்டையும் பல முறை படித்தேன். கேட்டதைவிடப் படித்ததுதான் அதிகம். மதிப்பீடு கேட்காமலே தருகிறேன்.

உங்கள் ஒப்புதல் மிகச் சிறப்பான நிகழ்ச்சி. தொடக்கத்தில் அப்பா, நடுவில் பேஸ்பால், முடிவில் தோற்றுப்போன அணி. இந்த வட்டாரத்தில் அதைப் படித்து யாரும் கண் கலங்காமல் இருக்க முடியாது. நானே ஒரு கணம் உங்களுக்காக வருந்தினேன். அதை எனக்கு நான் மன்னிக்கமாட்டேன். காரில் இருந்தது குற்றமே இல்லை, ஹால்கம். அதற்காக நான் உங்களை ஒருநாளும் வெறுத்ததில்லை. அதற்காகத்தான் உங்கள் கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

நான் கேட்ட மூன்றில் மூன்றாவது எங்கே? முதல் பக்கத்தில் இருக்கும் வரி இது: "1987இல் தவறான தகவலின் பேரில் வெளியான அறிவிப்புக்கு வருந்துகிறோம்." தவறான தகவல் தானாக நடந்து வந்ததா? வருந்துகிறோம் என்றால் யார் யார்? சின்னத் தவற்றை விளக்குப் போட்டுக் காட்டி, பெரியதை அதன் நிழலில் ஒளித்துவிட்டீர்கள். உங்களுக்குப் பனியன் அடிக்கிறார்கள். எனக்கு நேற்று நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து முகம் தெரியாத ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: "கர்டிஸ் பாவம், இத்தனை வருஷம் மனசுக்குள்ளயே வச்சுக் குமுறியிருக்கார். நீங்க பெரிய மனசு பண்ணி மன்னிச்சுடுங்க சார்." பிரிக்காமல் திரும்பி வந்த உறைகளில், 'திருப்பி அனுப்பவும்' என்று அவள் கைப்பட எழுதிய ஒன்றும் உண்டு. எனக்கு நினைவிருக்கிறது, அவளுக்கு இல்லை.

டேப்பைக் கிளைவிட்டு இனிப் பயனில்லை. அதை நீங்களே கடைகளுக்கு அனுப்பிவிட்டீர்கள். என் கையில் இருந்த ஒரே ஆயுதத்தையும் வாங்கி, அதிலேயே உங்களுக்கு ஒரு மாலை கட்டிக்கொண்டீர்கள். பாராட்டுகிறேன்.

அழைப்பை ஏற்கிறேன். 22ஆம் தேதி வருகிறேன்.

மேடையில் நீங்கள் என்னைப் பற்றி நல்லபடியாகப் பேசுவீர்கள். கை நீட்டுவீர்கள். நான் குலுக்குவேன். மைக்கை என்னிடம் தருவீர்கள், தராமல் முடியாது, கூட்டம் கேட்கும். நான் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குப் பிடித்த மாதிரி, 'நீங்கள்' இல்லாமல்:

"கர்டிஸ், நான் விக்கலைன்னு தெரிஞ்சேதானே அதைப் போட்டே?"

முன்கூட்டியே சொல்வது நியாயத்துக்காக அல்ல. அதுவரை இந்தக் கேள்வி உங்களோடு சாப்பிட்டு, உங்களோடு படுக்கட்டும் என்பதற்காக. என்னை அழைக்காமல் விட்டுவிடலாம் என்று தோன்றும். துண்டறிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். மைக்கை நிறுத்தச் சொல்லலாம் என்றும் தோன்றும். அந்தக் கூடம் சிறியது, வகுப்பறையில் கத்திப் பழகிய குரல் எனக்கு.

கூடத்தின் பின்பக்கம் முழுக்க டேப் எடுப்பவர்கள் நிற்பார்கள். இப்போதைய ஆட்கள் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள். பாட்டுக்கு நடுவே பேசுவதை ஒரு சொல் வெட்டமாட்டார்கள். அன்றிரவே பிரதி எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் 'ஆமாம்' என்றால் அது பதிவாகும். 'இல்லை' என்றால் அதுவும் பதிவாகும். சும்மா நின்றாலும் பதிவாகும், எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பது உட்பட.

எதுவானாலும் நான் மதிப்பிட்டு எழுதுவேன்.

லீலண்ட் பெஸெட்